கடைசி ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கலாம்?

"இதோ முடியப் போகுது, பத்து நிமிஷம்." திருமணமான முதல் மூன்று வருடங்களில் என் கணவரிடம் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். ஒருமுறைகூட ஏமாற்ற நினைத்துச் சொன்னதில்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டில் ஒண்டிக்கு ஒண்டி ரேங்க்டு ஆட்டம், அதாவது வெற்றி தோல்விக்கு ஏற்ப ரேட்டிங் புள்ளி ஏறி இறங்கும் ஆட்டம், ஆடுகிறவர்களுக்கு இது புரியும். எதிராளியின் கோட்டை விழுந்துவிட்டது, படை உடைந்துவிட்டது, இனி அவர் சரணடைவதுதான் பாக்கி என்று தோன்றும். அவரோ வரைபடத்தின் ஏதோ ஒரு மூலையில் புதிதாக ஒரு டவுன் சென்டர், அதாவது ஊரின் தலைமைக் கட்டிடம், கட்டிக்கொண்டிருப்பார். பத்து நிமிஷம் நாற்பது நிமிஷமாகும்.

ஒரு வியாழக்கிழமை இரவு அவர் இரண்டு தடவை அறை வாசல்வரை வந்து போனார். இரண்டு தடவையும் பத்து நிமிஷம் என்றேன். நான் எழுந்து போனபோது தூங்கியிருந்தார். மறுநாள் காலையில் அவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் எனக்கே விஷயம் தெரிந்தது: மூன்று மாதமாக எங்கள் இருவரையும் வாட்டிக்கொண்டிருந்த அவருடைய பணிமாற்றம் ரத்தாகிவிட்டது. "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். "பத்து நிமிஷம்னு சொன்ன. காத்திருந்தேன்" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. அது என்னை உலுக்கிவிட்டது.

ஆட்டத்தை விட்டுவிடலாமா என்று சில நாள் யோசித்தேன். விடவில்லை. ஆறு வருடமாகியும் ஆடுகிறேன், ரேட்டிங்கும் ஏறியிருக்கிறது, வீட்டில் அந்த வாக்கியம் இப்போது இல்லை. அதை எப்படிச் செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சொல்வதெல்லாம் என் ஆட்டத்தை வைத்து. ஸ்டார்கிராஃப்ட், டோட்டா, இணையச் சதுரங்கம் எதுவானாலும் நிமிடக் கணக்கை மட்டும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சண்டை மணிக்கணக்கைப் பற்றியதே இல்லை என்று எனக்குப் புரியவே வெகுகாலம் ஆனது. நான் வாரத்துக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஆடுகிறேன். அவர் வாரத்துக்கு ஏறக்குறைய அதே அளவு நேரம் ஓடப் போகிறார். அவருடைய ஓட்டத்தால் வீட்டில் ஒரு நாளும் வருத்தம் வந்ததில்லை, ஏனென்றால் ஏழரைக்கு வருகிறேன் என்றால் ஏழரைக்கு வந்துவிடுவார். என் ஆட்டம் எப்போது முடியும் என்று எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு நான் நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொருவர் அதை நம்பி உட்கார்ந்திருந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் அளந்து பாருங்கள்

இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு தாளில் எழுதுங்கள். ஆட்டம் தேட ஆரம்பித்த நேரம், நாற்காலியை விட்டு எழுந்த நேரம். அவ்வளவுதான்.

விளையாட்டுக்குள் தெரியும் நேரத்தை நம்ப வேண்டாம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷனில் ரேங்க்டு ஆட்டம் 1.7 மடங்கு வேகத்தில் ஓடுகிறது. உள்ளே ஒரு மணி நேரம் என்று காட்டினால் சுவர்க் கடிகாரத்தில் 35 நிமிடம்தான் போயிருக்கும். வேறு சில விளையாட்டுகளில் வேறு மாதிரி இருக்கும். அதோடு எதிராளி கிடைக்கக் காத்திருக்கும் நேரம், வரைபடம் வேண்டாம் வேண்டும் என்று தேர்வு செய்யும் நேரம், முடிந்தபின் புள்ளிவிவரப் பக்கத்தை வெறித்துப் பார்க்கும் நேரம் எல்லாம் சேர்ந்துதான் உண்மையான கணக்கு.

நான் 60 ஆட்டங்களை எழுதி வைத்தேன். மிகக் குறைந்தது 9 நிமிடம், எதிராளி ஆரம்பத்திலேயே படை எடுத்து வந்து என்னைச் சாய்த்துவிட்டார். பாதி ஆட்டங்கள் 26 நிமிடத்துக்குள் முடிந்தன. மிக நீண்டது 58 நிமிடம். கண்ணால் பார்த்த பிறகுதான் என் தவறு தெரிந்தது. நான் எப்போதும் மனதில் வைத்துப் பேசியது 26 நிமிடத்தை. வீட்டில் இருப்பவரைக் காக்க வைத்தது அந்த 58 நிமிடம்.

அப்புறம், இன்னொரு நேரத்தையும் அதே தாளில் எழுதுங்கள்: மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கும் நேரம். யூடியூபில் நிபுணர்களின் ஆட்டம், போட்டி நேரலை, உத்தி விளக்கம். நான் அதைப் 'பயிற்சி' என்று தனியாக வைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால் ஆடியதைவிடப் பார்த்தது அதிகம். வீட்டில் உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுதான்: நீங்கள் திரையில் இருக்கிறீர்கள், காதில் ஹெட்செட் இருக்கிறது. எனக்கும் அது ஒன்றாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். இப்போது வாரத்தின் 5 மணி நேரத்துக்குள் அதுவும் அடக்கம்.

எல்லை என்பது தொடங்கும் நேரத்துக்குத்தான்

பத்து மணிக்கு நிறுத்திவிடுவேன் என்று நிறைய பேர் தீர்மானம் போடுகிறார்கள். பாதியில் நிறுத்த முடியாத ஆட்டத்துக்கு இந்தத் தீர்மானம் உதவாது. 9:55க்கு ஒரு ஆட்டம் முடியும், இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறதே என்று அடுத்ததைத் தொடங்குவீர்கள். பத்து மணி வரும்போது இரு பக்கமும் படை மோதிக்கொண்டிருக்கும். அந்த நிமிடத்தில் எழுந்திருக்கும் மன உறுதி எனக்கு இல்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன் இருக்கிறது. அதனால் முடிவை அங்கே நகர்த்தினேன்.

கணக்கு பின்னாலிருந்து வரும். எனக்கு 10:50க்குத் தூங்க வேண்டும். ஆட்டம் முடிந்தவுடன் தூக்கம் வராது, நெஞ்சு இன்னும் படபடக்கும், அதற்கு அரை மணி. ஆக 10:20க்கு எழுந்துவிட வேண்டும். அதிலிருந்து என் மிக நீண்ட ஆட்டத்தைக் கழித்தால் 9:20. எனவே 9:20க்குப் பிறகு ஆட்டம் தேடும் பொத்தானை அழுத்துவதில்லை. 9:21 என்றாலும் இல்லை. விட்டுக்கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் சொல்வதும் அந்தக் கடைசி எல்லையைத்தான். "பத்து இருபதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். பெரும்பாலான நாட்களில் 9:50க்கே எழுந்து போய்விடுகிறேன். முன்பு 26 நிமிடம் என்று சொல்லிவிட்டு ஐம்பதாவது நிமிடத்தில் போனேன். இப்போது ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டு அரை மணியில் போகிறேன். ஆடிய நேரம் ஏறக்குறைய அதேதான். நான் அறைக்குள் நுழையும்போது அவர் முகம் இருக்கும் விதம்தான் மாறியிருக்கிறது.

எங்கள் மகன் எட்டரைக்குத் தூங்குவான். 8:40க்கு உட்கார்ந்தால் வார நாளில் இரண்டு ஆட்டம் ஆகும். செவ்வாயும் வியாழனும் ஆடுகிறேன். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம். மற்ற நாட்களில் கணினியைத் திறப்பதே இல்லை. தினமும் ஒரே ஒரு ஆட்டம் என்று சில மாதம் முயன்று பார்த்தேன், எனக்கு ஒத்துவரவில்லை. தினமும் ஒரு ஆட்டம் என்றால் தினமும் ஒரு பேரம், தினமும் ஒரு காத்திருப்பு. ஆடாத நாள் முழுசாக ஆடாத நாளாக இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் மனம் நிம்மதியாக இருக்கிறது, எனக்கும்தான்.

ஜெயித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்ற எண்ணம்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நேரத்தை விழுங்குவதில் இதற்கு இணையானது எதுவும் இல்லை.

நம்மில் பலர் ஆடும் ரேட்டிங் முறைகளுக்கு வேர் சதுரங்கத்தில் இருக்கிறது. அர்பாத் ஏலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த முறையை 1960இல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும் 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் ஏற்றன. 200 புள்ளி அதிகம் உள்ளவர் நான்கு ஆட்டத்தில் ஏறக்குறைய மூன்றை வெல்வார் என்பது அதில் உள்ள கணக்கு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு விளையாட்டு உங்களுக்குச் சமமான ஒருவரைத் தேடித் தருகிறது. முன்னேறினால் இன்னும் பலமான எதிராளி வருவார். அதாவது, நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக ஆனாலும் பாதி ஆட்டத்தில் தோற்கப் போகிறீர்கள். இந்த அமைப்பு சரியாக வேலை செய்கிறது என்பதற்கே அதுதான் அடையாளம்.

இப்போது ஜெயித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்பதைப் பாருங்கள். காசு சுண்டுவது மாதிரிதான். எட்டில் ஓர் இரவு தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்பீர்கள். இன்றைக்கு இழந்த புள்ளியை எடுத்துவிட்டு எழுந்திருக்கலாம் என்பது இன்னும் மோசம். ஓர் ஆட்டம் தோற்று, அதை ஈடுகட்ட உட்கார்ந்தால், பத்து இரவுகளில் மூன்று இரவுகள் மேலும் ஐந்து ஆட்டம் ஆடிய பிறகும் நீங்கள் பழைய இடத்துக்கு வந்திருக்க மாட்டீர்கள். ஓர் ஆட்டத்துக்குத் தேடலோடு சேர்த்து அரை மணி என்றால் அது இரண்டரை மணி நேரம். எத்தனை ஆட்டத்தில் ஈடாகும் என்று சராசரி போட்டால் அந்தச் சராசரிக்கு எல்லையே கிடையாது என்பது கணிதத்தில் நிரூபணமான விஷயம். இதெல்லாம் நீங்கள் சோர்வடையாமல், ஆத்திரப்படாமல் ஆடினால். தோல்வியின் எரிச்சலோடு நள்ளிரவில் ஆடும்போது பாதிக்குப் பாதி என்பதே இருக்காது.

ஒரு சனிக்கிழமை 1352இல் உட்கார்ந்து 1261இல் எழுந்தேன். ஆறு தோல்வி. கடைசி நான்கும் 'இந்த ஒன்றோடு சரி' என்று ஆடியவை. அந்த நான்கின் ரீப்ளேயையும், அதாவது ஆட்டப் பதிவையும், மறுநாள் பார்த்தேன். டவுன் சென்டர் வேலையில்லாமல் சும்மா நிற்கிறது, வீடு கட்ட மறந்து மக்கள்தொகை முட்டி நிற்கிறது, நான் படையை மட்டும் முறைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் ஆட்டத்தில் செய்யாத தவறுகள்.

எனவே எத்தனை ஆட்டம் என்பதை உட்காருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அந்த முடிவில் 'ஜெயிக்கும்வரை' என்ற சொல்லே வரக் கூடாது. வார நாளில் எனக்கு இரண்டு. இரண்டிலும் தோற்றால் தோற்றதுதான். சனிக்கிழமை நான்குவரை போகலாம், ஆனால் அடுத்தடுத்து இரண்டு தோற்றால் அன்றைக்கு அவ்வளவுதான். அந்த இரண்டாவது விதி என் மகிழ்ச்சியைக் காப்பாற்றிய விதி.

தோல்வியோடு படுக்கப் போவது ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். எழுந்திருக்கும் முன் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுகிறேன்: 'அடுத்த ஆட்டத்தில் 12ஆவது நிமிடத்துக்கு முன் எதிராளியின் தங்கச் சுரங்கத்தை ஒற்றன் போய்ப் பார்க்க வேண்டும்.' இப்படி. எழுதிவிட்டால் மனம் அதைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. முன்பு படுக்கையில் கண்ணை மூடினால் வரைபடம் தெரியும். அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்து இடது பக்கம் ஏன் சுவர் எழுப்பவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அந்த ஒரு வரிக்குப் பிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டது.

பதினான்கு

சரி, ஆட்டத்தின் நடுவில் உண்மையாகவே ஏதாவது வந்துவிட்டால்?

ஒரு ஆட்டத்தின் விலை என்ன என்று பாருங்கள். எனக்குச் சமமான எதிராளியிடம் தோற்றால் ஏறக்குறைய 16 புள்ளி போகும். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தால் வந்துவிடும். இதை நான் ஒருநாள் உரக்கச் சொல்லிப் பார்த்தேன்: என் கணவர் வாசலில் நிற்கிறார், நான் எழுந்தால் போவது 16 புள்ளி. அப்படிச் சொன்ன பிறகு எழுந்திருப்பது கடினமாக இல்லை.

ஆனால் ஆட்டத்தின் சூட்டில் எது அவசரம் எது அவசரமில்லை என்று எடைபோட முடியாது. அதனால் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். மூன்று விஷயங்களுக்கு யோசிக்காமல் சரணடைந்துவிட்டு எழுவேன்: மகன் எழுந்து அழுதால், இருவரின் பெற்றோரிடமிருந்தும் போன் வந்தால், அவர் "பதினான்கு" என்று சொன்னால்.

அந்த எண் விளையாட்டிலிருந்து வந்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் அரட்டைப் பெட்டியில் ஓர் எண்ணைத் தட்டினால் ஒரு குரல் கேட்கும். 11 என்றால் சிரிப்பு. 30 என்றால் பாதிரியாரின் 'வோலோலோ' என்ற முழக்கம். 14 என்றால் சீக்கிரம் ஆட்டத்தை ஆரம்பி என்று பொறுமையிழந்த ஒரு குரல். அவர் இந்த விளையாட்டை ஆடியதே இல்லை, ஆனால் அந்தக் குரலைப் பக்கத்து அறையிலிருந்து பல நூறு தடவை கேட்டிருக்கிறார். இது காத்திருக்காது என்று சொல்ல ஒரு சொல் வேண்டும் என்றபோது அவரே அதைத் தேர்ந்தெடுத்தார். இந்த ஆறு வருடத்தில் மொத்தமாக எட்டோ ஒன்பதோ முறைதான் சொல்லியிருக்கிறார். சொன்னால் நான் வந்துவிடுவேன் என்று தெரிந்ததால்தான் தேவையில்லாமல் சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

எழும்போது எதிராளிக்கு இரண்டெழுத்து 'ஜிஜி' (நல்ல ஆட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) போட்டுவிட்டு முறைப்படி சரணடையுங்கள். இணைப்பை அறுத்துக்கொண்டு ஓட வேண்டாம், அந்தப் பக்கம் இருப்பவரும் தன் மாலை நேரத்தைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். இதே காரணத்தால் வார நாளில் நான் குழு ஆட்டம் ஆடுவதில்லை. நான்குக்கு நான்கு ஆட்டத்தில் நான் எழுந்தால் மூன்று பேரின் ஆட்டம் கெடும், அந்தக் கூச்சத்தில் எழுந்திருக்கவே மாட்டேன். குழு ஆட்டம் சனிக்கிழமைக்கு மட்டும். மகனுக்குக் காய்ச்சலாக இருக்கும் இரவு, அவர் தாமதமாக வரும் இரவு போன்ற நிச்சயமில்லாத நேரங்களில் ரேங்க்டு பக்கமே போவதில்லை. நினைத்தபோது நிறுத்தி வைக்கக்கூடிய தனியாள் ஆட்டம் இருக்கிறதே.

வாரம் ஐந்து மணி நேரத்தில் முன்னேற

நேரத்தைக் குறைத்தால் ரேட்டிங் விழும் என்ற பயம் எனக்கு இருந்தது. விழவும் செய்தது, முதல் இரண்டு மாதம் அறுபது புள்ளி கீழே போனேன். ஒரு வருடத்துக்குள் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டேன். காரணம், ஆட்டங்களின் எண்ணிக்கை குறைந்ததும் ஒவ்வொன்றிலிருந்தும் எதையாவது எடுத்தாக வேண்டிய நிலை வந்தது.

விளையாட்டில் நாம் தேர்ந்தெடுத்து ஆடும் நாகரிகங்களில் ஒரே ஒன்றைப் பிடியுங்கள். எதை எப்போது கட்டுவது என்பதற்கு ஒரே ஒரு தொடக்க வரிசை, அதாவது பில்ட் ஆர்டர். ஒரே வகை வரைபடம். நேரம் நிறைய இருப்பவர்கள் எல்லாவற்றையும் முயலலாம். நான் 2022இல் வந்த திராவிடர்களைப் பிடித்துக்கொண்டேன். முதல் காரணம் ரொம்ப எளிமையானது: அந்த வீரர்களும், மரம் வெட்டிக் கட்டிடம் கட்டும் வில்லேஜர்களும் தமிழில் பதில் சொல்கிறார்கள். ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் அவர்களுக்கு 200 மரம் இலவசமாகக் கிடைக்கும், ஒரு வில்லாளர் கூடத்துக்கு 175 மரம்தான் வேண்டும். ஆகவே இரண்டாம் யுகம் வந்த கணத்தில் அந்தக் கூடத்துக்கான மரம் கையில் இருக்கும். நல்ல குதிரைப்படை கிடையாது என்பது அவர்களுடைய பெரிய குறை. அந்தக் குறையோடு எப்படி வாழ்வது என்று ஒரு வருடம் கற்றேன். பத்து நாகரிகங்களைத் தொட்டிருந்தால் பத்தும் அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும்.

தொடக்க வரிசையைப் பழக முழு ஆட்டம் வேண்டாம். கணினி எதிராளியோடு ஓர் ஆட்டம் போட்டு, இரண்டாம் யுகத்துக்கு ஏறும் பொத்தானை அழுத்தியவுடன் நிறுத்திவிடுங்கள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். மூன்று தடவை செய்தால் கால் மணிக்கு மேல் கொஞ்சம். யாராவது கூப்பிட்டால் நிறுத்தி வைத்துவிட்டுப் போகலாம். இந்த விளையாட்டிலேயே ஆர்ட் ஆஃப் வார் என்று பயிற்சிப் பகுதிகள் இருக்கின்றன, பதக்கம்கூடத் தருகிறது. அதிலும் ஆரம்பப் பொருளாதாரப் பகுதியைத் தங்கப் பதக்கம் வரும்வரை செய்து பாருங்கள்.

ரீப்ளே பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. தோற்ற ஆட்டத்தை முழுசாகப் பார்க்க வேண்டாம், முதல் பத்து நிமிடம் போதும். என் அளவில் உள்ளவர்களின் தோல்வி பெரும்பாலும் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஒரு வில்லேஜர் உருவாக ஆட்டக் கணக்கில் 25 நொடி. டவுன் சென்டர் மொத்தமாக இரண்டு நிமிடம் சும்மா நின்றிருந்தால் ஏறக்குறைய ஐந்து பேர் குறைவு. அந்த ஐந்து பேர் இல்லாத குறைதான் பிற்பாடு போர்க்களத்தில் படை போதாமல் தெரிகிறது. நாம் போர்க்களத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று, தூக்கம். விரல் பழக்கங்கள் உறுதிப்படத் தூக்கமும் உதவுகிறது. குறுக்குவிசைகளைப் பழகிவிட்டு இரண்டு மணிவரை கண் விழித்தால் பழகியதில் பாதியைத் தெருவில் கொட்டியது போலத்தான்.

சம்பளப் பட்டியல் நாட்கள்

நான் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதத்தின் கடைசி ஐந்து வேலை நாட்கள் எனக்கு மற்ற நாட்கள் மாதிரி இல்லை. ஒருமுறை அந்த நாட்களில் இரவு 1:40வரை ஆடிவிட்டு அலுவலகம் போனேன். 212 பேரின் கூடுதல் பணி நேரத்துக்குப் போன மாதக் கோப்பை ஏற்றிவிட்டேன். மொத்தத் தொகை போன மாதத்தோடு எண்ணுக்கு எண் ஒத்துப்போவதை என் சக ஊழியர் பார்த்ததால் பணம் போகும் முன் பிடிபட்டது. அவர் பார்க்காமல் இருந்திருந்தால், சிலருக்கு அந்த மாத வாடகையே இடித்திருக்கும். பிழை முழுக்க என்னுடையது.

அன்றிலிருந்து அந்த ஐந்து நாட்கள் ரேங்க்டு இல்லை. ரீப்ளே பார்க்கலாம், தனியாள் ஆட்டம் ஆடலாம், அதுவும் ஒன்பதரைக்குள். உங்கள் வேலையிலும் இப்படிச் சில நாட்கள் நிச்சயம் இருக்கும்: ஒப்படைப்பு வாரம், தேர்வுத்தாள் திருத்தும் வாரம், இரவுப் பணி முடிந்த மறுநாள். வருட ஆரம்பத்திலேயே நாட்காட்டியில் கோடு போட்டுவிடுங்கள்.

கைகளையும் கவனியுங்கள். பகல் முழுக்கத் தட்டச்சு, இரவில் அதே விரல்கள். அலுவலகத்திலிருந்து வந்து ஒரு மணி நேரமாவது விசைப்பலகையைத் தொடாமல் இருந்துவிட்டுத்தான் ஆடுகிறேன். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு ஆட்டம் இல்லை.

வீட்டில்

இதில் நான் செய்த பெரிய தவறு, ஆடும் நேரத்தைச் சம்பாதிக்கப் பார்த்தது. துணி மடித்துவிட்டேன், பாத்திரம் கழுவிவிட்டேன், எனவே இரண்டு ஆட்டம் ஆடலாம் என்று. வேலையை முடித்துவிட்டு அவரைப் பார்ப்பேன், அனுமதிக்காக. "நான் என்ன உனக்கு மேலதிகாரியா?" என்று ஒருநாள் கேட்டார். வீட்டு வேலை இருவருடையது. என் ஆட்டமும் அவர் ஓட்டமும் அவரவருடையது. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் எழுதிய பிறகு அனுமதி என்ற பேச்சே போய்விட்டது. ஞாயிறு காலை அவர் நேரம், அப்போது மகன் என் பொறுப்பு. சனி மதியம் என் நேரம்.

வேலையிலிருந்து வந்ததும் முதல் அரை மணி இருவருக்குமானது. திரை எதுவும் கிடையாது. அன்றைக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் அந்த அரை மணியிலேயே வந்துவிடும். பணிமாற்றம் ரத்தான மாதிரிச் செய்தி ஒன்று மறுபடி வந்தால், வாசலில் காத்து நிற்க வேண்டியிருக்காது.

சண்டை போட்ட அன்று ஆடாதீர்கள். ஆட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுகம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். எனக்குள்ள அனுபவத்தில், அப்படி ஆடிய ஆட்டத்தில் தோற்கவும் செய்வோம், சண்டையும் மறுநாளுக்கு மிச்சமிருக்கும்.

ஆடாத துணையிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசலாமா? பேசுங்கள், ஆனால் கதையாக. எத்தனையாவது வில்லேஜர் மரத்துக்குப் போனார் என்பதில் அவருக்கு ஆர்வம் இல்லை. எல்லாம் போன பிறகு ஒரே ஒரு வில்லேஜர் காட்டுக்குள் தப்பித்துப் போய் டவுன் சென்டர் கட்டினார், அங்கிருந்து மீண்டு வந்தேன் என்றால் கண்ணை விரித்துக் கேட்பார். மூன்று வாக்கியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அமெச்சூர் லீக்குகளில் ஆடுகிறவர்கள் இரண்டு வாரம் முன்பே வீட்டில் சொல்லிவிட வேண்டும். ஐந்தில் மூன்று வெல்லும் சுற்று ஒன்றுக்கு இடைவேளையோடு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். எதிராளியோடு நேரம் பேசும்போது முதலில் வீட்டு நாட்காட்டி, அப்புறம்தான் பதில். நான் வருடத்துக்கு இரண்டு லீக் மட்டும் சேர்கிறேன்.

இத்தனையும் செய்து பார்த்தும் முடியவில்லை என்றால் அதை மறைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டம் முன்னுக்கு வருவது, கெடுதல் நடந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாக ஒரு வருடமாவது நீடித்து, குடும்பத்தையோ வேலையையோ கடுமையாகப் பாதித்தால்தான் அந்தப் பெயர். அதிகம் ஆடுகிற எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்துகிறது என்று தோன்றினால் கால அட்டவணை போதாது, மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இந்த விதிகளில் எனக்கு இன்றும் கடினமாக இருப்பது ஒன்றுதான்: அவர் வேலையாக வெளியூர் போகும் இரவுகள். யாரும் காத்திருக்கவில்லை, மகன் தூங்கிவிட்டான், ஆட்டத்தை எப்போது முடித்தால் என்ன என்று தோன்றும். அந்த 1:40 இரவும் அப்படிப்பட்டதுதான். அதனால் அவர் இல்லாத நாளிலும் 9:20 எல்லை அப்படியே இருக்கிறது. கடைசி ஆட்டத்தைத் தொடங்கும் முன் அவருக்கு 'கடைசி' என்று ஒரு செய்தி அனுப்புவேன். போன மாதம் ஒருநாள் 9:26க்கு அனுப்பிவிட்டேன். அரை நிமிடத்தில் பதில் வந்தது: 14. தேடலை ரத்து செய்துவிட்டு அவரை அழைத்துப் பேசினேன்.